மன்றாடு

கெஞ்சுதலைக் குறிக்கும் ஆங்கிலத்தின் 'இம்ப்ளோர்' லத்தீன் அழுகையிலிருந்து வந்தது. நம் 'மன்றாடு' ஊர்ச்சபையான மன்றிலிருந்து வந்தது. திருநெல்வேலிக்கு அருகே மானூரில், ஏறத்தாழ 1,200 ஆண்டுக்கு முந்தைய, பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலக் கல்வெட்டு, சபையில் யார் மன்றாடலாம் என்று விதிக்கிறது: நிலப்பங்கும் வேதப்படிப்பும் நல்லொழுக்கமும் வேண்டும். அங்கே அச்சொல்லுக்குச் சபைக் காரியங்களில் கலந்து பேசுவது என்பதே பொருள். கெஞ்சலின் சாயல்கூட இல்லை. நெல்லையப்பர் கோயில் தாமிர சபையை நினைத்து, மன்றில் ஆடும் கூத்தனான சிவனிடமிருந்து பிறந்த சொல் இது என்பாரும் உண்டு. அழகான எண்ணம்தான். ஆனால் வழக்காடு, உரையாடு, சொல்லாடு என்பவற்றில் யார் நடனமாடுகிறார்? அவையில் முறையிட்டவனின் குரல்தான் காலப்போக்கில் தாழ்ந்து, இரங்கிக் கேட்பதாகியிருக்க வேண்டும். தேவாலயத்து மன்றாட்டில், பிறருக்காகப் பரிந்து பேசும் அந்த அவைவழக்கின் சாயல் இன்னும் உண்டு. மானூர்ச் சபையிலோ, எதற்கெடுத்தாலும் 'அன்று' என்று மறுத்துக் காரியத்தைக் கெடுத்தவருக்கு 5 காசு தண்டம்.