ராஜுலா வரும் நாள்

1960-களில் சிங்கப்பூரின் செம்பவாங் பிரிட்டிஷ் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்த எங்களுக்கு ஊர்ச் செய்தி வர இரண்டே வழி: நீல ஏர்மெயில் தாள், ராஜுலா கப்பல்.

தாள் ஒன்றுதான், சேதியோ ஏராளம். அப்பா சொல்லச் சொல்ல அக்கா எழுதுவாள். இடம் தீர்ந்ததும் ஓரத்திலும் மடிப்பிலும் பொடி எழுத்தில் நலம் விசாரிப்பு தொடரும். எழுதத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் அவள்தான் எழுத்தர்.

ராஜுலா 1926-இல் கடலில் இறக்கப்பட்ட கப்பல். சென்னையில் கிளம்பி நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வர ஏறக்குறைய ஒரு வாரம். பெரும்பாலோர் டெக் பயணிகள். பாய் விரித்த இடமே வீடு. சித்தப்பா இறங்கினால் கருவாடும் ஊறுகாயும் மணக்கும். தெற்கே துறைமுகம், வடகோடியில் எங்கள் வீடு. பஸ்ஸில் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் ஊர் திரும்பும்போது பெட்டியில் கைலியும் கோடாலித் தைலமும் ஏறும்.

1971-இல் பிரிட்டிஷ் படை வெளியேறியது. தளத்து வேலையை நம்பியிருந்த பல குடும்பங்கள் கலைந்தன. 1973-இல் ராஜுலாவின் ஓட்டமும் நின்றது. அடுத்து வந்த சிதம்பரம் கப்பல் 1985-இல் தீப்பிடித்ததோடு சென்னைக் கப்பல் பயணம் முடிந்தது.

இன்று விமானத்தில் நான்கு மணி நேரம்தான். பக்கத்து இருக்கைக்காரரின் பேர்கூடத் தெரியாது. அப்பாவுக்கோ சிநேகிதர்களில் பாதிப் பேர் கப்பலில் கிடைத்தவர்கள்.