கோப்பிக் காலத்தில் அந்நிய முதல்

மண்வளமே அந்நிய முதலை ஒரு நாட்டிற்கு ஈர்க்கும் என்பது பொதுவாக நிலவுங் கருத்து. ஈழத்துக் கோப்பிச் செய்கையின் வரலாறு இதனை முற்றாக ஒப்பவில்லை. ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றிய 1815ஆம் ஆண்டிலும் மலைநாட்டில் அதே மண்ணும் மழையும் இருந்தன. முதலோ கால் நூற்றாண்டு கழிந்தே பெருகி வந்தது.

இடையில் நிகழ்ந்தது யாது? தேசாதிபதி எட்வேட் பாண்ஸ், இராசகாரியம் என்னுங் கட்டாய உழைப்பைக் கொண்டு கண்டிக்குத் தெரு அமைத்தார்; தாமே கோப்பித் தோட்டமும் வைத்தார். ஆள்பவரே தோட்டக்காரரானால் சட்டம் எப்பக்கஞ் சாயும் என்பது சொல்லவேண்டுவதன்று. அடிமை முறை ஒழிந்தபின் மேற்கிந்தியத் தீவுகளில் விளைவு குன்றிற்று. 1835இல் பிரித்தானியா அத்தீவுகளின் கோப்பிக்கும் ஈழத்துக் கோப்பிக்கும் இறக்குமதித் தீர்வையைச் சமமாக்கிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாகக் கொண்டது. தலைமுறைகளாகச் சேனைப்பயிர் செய்த குடியானவனிடம் உறுதி ஏது? முடிக்குரிய நிலம் ஏக்கர் 5 சிலிங்குக்கு விலைப்பட்டது. 1844இலேயே அது 20 சிலிங்காயிற்று.

இவற்றினும் பெரிய கவர்ச்சி மலிந்த உழைப்பு. கண்டிக் குடியானவர் தோட்டக் கூலியை விரும்பாமையால், தமிழகத்தின் வறிய மக்கள் வரவழைக்கப்பட்டனர். மன்னார்க் கரையிலிறங்கி மாத்தளை நோக்கிக் காட்டுவழி நடந்தோருட் பலர் பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டனர்.

கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதை 1867இல் திறக்கப்பட்டது. ஈராண்டில் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கலாயிற்று. முதல் தேயிலைக்கு மாறியது. நடந்து வந்தோரின் வழித்தோன்றல்களோ, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலும் நாடற்றோராயினர். எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்குஞ் சட்டம் 2003இலேயே இயற்றப்பட்டது.