கோட்டையிலிருந்து அட்மிரல் வீதி வரை

தரங்கம்பாடியில் இரண்டு ம்யூஸியங்கள். கடலை ஒட்டிய டான்ஸ்போர்க் கோட்டைக்குள் ஒன்று. மாநிலத் தொல்லியல் துறை நடத்துவது. அட்மிரல் வீதியில் சீகன்பால்கு வாழ்ந்த வீட்டில் மற்றது, 2017ல் திறக்கப்பட்டது. கோட்டை வாசலில் இறங்கி, பழைய அணிவகுப்பு மைதானத்தைக் கடந்து, கிங்ஸ் வீதியில் 1701ல் கட்டிய சீயோன் கோவிலையும் 1718ல் கட்டிய புது எருசலேம் கோவிலையும் பார்த்துவிட்டுப் பக்கத்து வீதிக்குத் திரும்பினால் வந்துவிடும். ஒரு சிகரெட்டுக்கு மேல் தாங்காத தூரம்.

முதல் ம்யூஸியம் வியாபாரத்தைச் சொல்கிறது: பீரங்கி, பீங்கான், பத்திரம். இரண்டாவது வார்த்தையைச் சொல்கிறது: பள்ளிக்கூடம், மொழி, அச்சு. பார்ப்பவனுக்கு இந்தப் பாகப் பிரிவினை சௌகரியமாகத்தான் இருக்கிறது. காசுக்கு வந்தவர்கள் அங்கே, கருத்துக்கு வந்தவர்கள் இங்கே. வாஸ்தவத்தில் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை முதலில் அளந்தது ஒரு கடன் வழக்கு.

1706 ஜூலையில் வந்திறங்கியவர் சீகன்பால்கு. இரண்டு வருஷத்துக்குள் கோட்டைத் தளபதி ஹாஸியஸோடு முட்டிக்கொண்டார். நாவிதர் ஒருவரின் விதவைக்கும், கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு கத்தோலிக்கருக்கும் இடையே கடன் தகராறு. அதில் பாதிரியார் திரும்பத் திரும்பத் தலையிட்டார். 1708 நவம்பரில் தளபதி அவரைப் பிடித்துக் கோட்டைச் சிறையில் வைத்தார். நாலு மாதம் கழித்து 1709 மார்ச்சில்தான் விட்டார். சீகன்பால்கு என்ன சொன்னார், ஹாஸியஸ் என்ன சொன்னார் என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. அந்த விதவை என்ன சொன்னாள், எந்த வார்த்தைகளில் சொன்னாள் என்பது இரண்டு ம்யூஸியத்திலும் இல்லை. கடன் பதிவாயிற்று, கடன்பட்டவர்களின் வாக்கியம் பதிவாகவில்லை.

நான் இருப்பது ஆரணியில். வேலை வங்கியில். எந்தக் காகிதத்தை எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும், எதை எப்போது கிழிக்கலாம் என்பதற்கு எங்களுக்கு விதி உண்டு. பணம் பாக்கி இருக்கும்வரை பத்திரம் பத்திரமாக இருக்கும். பட்டு முதலாளி வீட்டு நோட்டுகளும் இந்த ஜாதிதான். தறிக்காரருக்குக் கொடுத்த பாவு, ஊடை, ஜரிகையின் எடை, வாங்கிய முன்பணம், திரும்பி வந்த சேலைகளின் எண்ணிக்கை: இவ்வளவும் இருக்கும். தறிக்குழியில் கால் வைத்து நாளெல்லாம் உட்கார்ந்திருந்த மனிதன் அந்த நாளைப் பற்றி என்ன நினைத்தான் என்பதற்கு நோட்டில் கலம் கிடையாது. சோழமண்டலக் கரை நெடுக ஐரோப்பியக் கம்பெனிகள் தரகர் மூலம் முன்பணம் கொடுத்துத் துணி வாங்கியதும் இப்படிப்பட்ட கணக்கில்தான். ஆகவே கோட்டை ம்யூஸியத்தின் மௌனம் எனக்குப் பரிச்சயமான மௌனம்.

1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நாலாம் கிறிஸ்டியனுக்கு அனுப்பிய ஓலை தங்கத் தகட்டில் தமிழில் பொறிக்கப்பட்டது. இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் 1845ல் தரங்கம்பாடியையும் வங்காளத்து ஸெராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஊர் கைமாறியது, ஓலை கைமாறவில்லை. தங்கம் என்பதால் மட்டும் அது பிழைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு உரிமைக்கு அத்தாட்சி என்பதால் பிழைத்தது.

இதற்கு எதிர்க்கணக்கு அட்மிரல் வீதியில் இருக்கிறது. 1712லிருந்து 1714 வரை சீகன்பால்குவும் க்ருண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில் வாங்கினார்கள். கடவுள், கல்யாணம், ஜாதி, வைத்தியம், கல்வி, எல்லாவற்றையும் பற்றி. கிறிஸ்தவர்களை ஏன் மதிப்பதில்லை என்ற கேள்விக்குக் கூசாமல் பதில் வந்தது: மாட்டு மாமிசம், குடி, சுத்தமின்மை. மொத்தம் 99 கடிதங்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு, ஹாலே நகரத்து மிஷன் அறிக்கைகளில் இரண்டு தவணையாக வெளிவந்தன. 1717ல் லண்டனில் ஆங்கிலத்திலும் ஒரு பகுதி வந்துவிட்டது. எழுதியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கின்றன. தமிழ் மூலம் தொலைந்துவிட்டது.

இது சாதாரண நஷ்டமில்லை. நம்முடைய உரைநடை எங்கே ஆரம்பிக்கிறது என்று நாம் அடிக்கடி சண்டை போடுகிறோம். உரையாசிரியர்களிடம் என்பார் ஒருவர். பாதிரிமார்களிடம் என்பார் இன்னொருவர். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736ல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். வியாபாரமும் வதந்தியும் பயமும் கலந்த, பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழ் அது. அதற்கு இருபது வருஷத்துக்கும் முன்னால், அதே கரையில், பலர் தங்கள் வாழ்க்கையை அந்நியன் ஒருவனுக்கு விளக்கித் தமிழில் எழுதியிருக்கிறார்கள். விளக்குவதற்கு ஒரு உரைநடை வேண்டும். அவர்களிடம் இருந்திருக்கிறது. என்ன சொன்னார்கள் என்று நமக்குத் தெரியும். எப்படிச் சொன்னார்கள் என்று தெரியாது. இலக்கியத்துக்கு இரண்டாவதுதான் விஷயம்.

சீகன்பால்குவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களோடு நான் சேரவில்லை. மணலில் எழுதும் சிறுவர்களோடு உட்கார்ந்து எழுத்துப் படித்தவர் அவர். 1708லேயே நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்துக் குறிப்புகளோடு பட்டியல் போட்டார். அதில் திருக்குறளும் உண்டு. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713ல் முடித்த நூலை ஹாலேயில் ஃப்ராங்கே அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பிய ஆள் அதைப் பரப்பும் வேலையைச் செய்வதா என்பது ஆட்சேபம். 1867ல்தான், ஜெர்மன் என்ற பெயருள்ள இன்னொரு மிஷனரி சென்னையில் அதைப் பதிப்பித்தார். ஆக, கேட்டவனின் எழுத்தே ஒன்றரை நூற்றாண்டு பெட்டியில் கிடந்தது. பதில் சொன்னவனின் எழுத்துக்குப் பெட்டியும் கிடைக்கவில்லை.

அச்சையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். தமிழை முதலில் அச்சில் போட்டது தரங்கம்பாடி இல்லை; கொல்லத்தில் 1578லேயே நடந்துவிட்டது. ஆனால் இங்கே 1713ல் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை, காகிதத்தைத் தின்றன. காகிதமோ கப்பலில் வர வேண்டும். அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பொறையாற்றில் காகித ஆலை வைத்தார்கள். 1715ல் புதிய ஏற்பாடு முடிந்தது. காகித விலைக்குப் பயந்து எழுத்தின் அளவைக் குறைப்பது சிறுபத்திரிகை நடத்தும் எவருக்கும் தெரிந்த சங்கடம். அப்படி மிச்சம் பிடித்த காகிதத்தில் அந்தக் கடிதங்களுக்கு மட்டும் இடமில்லை. ஐரோப்பியனுக்கு அவை தகவல். தகவலுக்கு மூலம் தேவைப்படவில்லை.

இந்தக் கடிதங்களைத் தமிழுக்குக் கொண்டுவருகிற எவருக்கும் ஒரு கேள்வி காத்திருக்கிறது: எந்தத் தமிழில்? பதினெட்டாம் நூற்றாண்டு நடையைப் போலி செய்து, தொலைந்த மூலம் கிடைத்துவிட்டது போன்ற பிரமையை உண்டாக்கலாம். ரசிகர்கள் சந்தோஷப்படுவார்கள். எனக்கு அது கள்ளக் கையெழுத்தாகத்தான் படும். இன்றைய சாதாரண உரைநடையில், ஜெர்மனிலிருந்து வந்தது என்பது தெரியும்படி, தெளியாத இடங்களைத் தெளியாதவையாகவே விட்டுச் செய்வதுதான் யோக்கியமான காரியம். அதன் வறட்சி நஷ்டத்தின் அளவைக் காட்டட்டும். கூடவே, இப்போது நம் ஊர்களில் கடிதமாகவும் நோட்டாகவும் மக்கிக்கொண்டிருப்பவற்றில் கணக்கு முடிந்துவிட்டது என்று கிழிக்கப்படுபவை எவை என்று பார்க்க ஆள் வேண்டும். ஆரணியில் அந்த வேலையை ஆரம்பிக்க ம்யூஸியம் எதுவும் தேவையில்லை. தறிக்காரர் ஒருவர் தன் தொழிலைப் பற்றித் தன் வார்த்தையில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தால், அதைத் திருத்தாமல் அச்சிட ஒரு பத்திரிகை இருந்தால் போதும்.