மேட்டுக்கு ஏறாத தண்ணீர்

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் போயிருக்கிறீர்களா? மலைமேல் தண்டாயுதபாணி கையில் கரும்போடு நிற்கிறார். கீழே வயலைப் பார்த்தால் சின்ன வெங்காயம்! காரணம் சிம்பிள். காவிரி மாதிரி ஆறு கிடையாது. கிணறும் மழையும்தான் கதி.

தெற்கே திருச்சிப் பக்கம் போனால் கொள்ளிடம். ஆந்திராவின் கோதாவரி மாவட்டம் வயிறாரச் சாப்பிட ஆரம்பித்த கதைக்குப் பிள்ளையார் சுழி அங்கேதான் போடப்பட்டது.

1830களில் தஞ்சாவூருக்கு ஒரு தலைவலி. தண்ணீரெல்லாம் பள்ளமான கொள்ளிடத்துக்கு ஓட, காவிரி மணல்மேடாகிக்கொண்டிருந்தது. ஆர்தர் காட்டன் என்ற இன்ஜினீயர் 1836ல் முக்கொம்பில் மேலணை, அணைக்கரையில் கீழணை என்று இரண்டைக் கட்டினார். ஆற்று மணலில் அஸ்திவாரம் நிற்குமா? நிற்கும் என்று கற்றுக்கொடுத்தது கல்லணைதான். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அந்தச் சமயம் கோதாவரிக் கரையில் வேறு கதை. ஆறு நிறையத் தண்ணீர். அத்தனையும் வங்கக் கடலுக்கு. கரையிலோ பட்டினி! 1833ல் கொடும் பஞ்சம். 1821ல் ஏழு லட்சத்தைத் தாண்டியிருந்த ஜனத்தொகை, இருபதே வருஷத்தில் ஐந்தரை லட்சம் சொச்சமாகிவிட்டது.

காட்டன் அங்கே போனார். 1847ல் தவளேஸ்வரத்தில் வேலை தொடங்கி, 1852ல் அணை முடிந்தது. வாய்க்கால்களில் தண்ணீரும் போனது, படகும் போனது. நெல் காக்கிநாடா துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு கோனசீமா பக்கம் வயலும் தென்னந்தோப்புமாகப் பச்சைப்பசேல். ஆத்ரேயபுரத்தில் அரிசி மாவைக் காகிதம் போல் மெல்லிசாக இழைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துச் சுருட்டி 'பூதரேகுலு' என்று விற்கிறார்கள். பழைய அணைக்குப் பதிலாகப் பின்னாளில் கட்டிய அணைக்கும் காட்டன் பெயர்தான்.

வரவு சரி, பற்று? அதே கோதாவரிச் சீமையில் வாய்க்கால் ஏறாத மேட்டு நிலமும் உண்டு. தெலுங்கில் 'மெட்ட' என்பார்கள். அணை வந்தும் அவர்கள் வானத்தைத்தான் பார்த்தார்கள். செட்டிகுளத்துக்காரரும் அதே ஜாதகம்தான். உழைப்பில் சளைத்தவரா? வெங்காயத்தைப் பட்டறை போட்டு, விலைக்காக மாசக்கணக்கில் காத்திருக்கிறாரே! குறை உழைப்பில் இல்லை. ஊர் இருக்கிற உயரத்தில்.

கல்லணையில் தொடங்கிய வித்தை பள்ளத்துக்குச் சோறு போட்டது. மேட்டுக்கு வேறு வித்தை வேண்டும். பெய்கிற மழையைப் பெய்த இடத்திலேயே பிடித்து வைக்கிற ஏரியும் குளமும்தான் மேட்டுக்காரனின் அணை. அதைத் தூர்வாரக் காட்டன் வரவேண்டியதில்லை.