உதயசங்கர்: புதிய இந்திய நடனத்தின் முன்னோடி

ஆடவல்லான் என்று இறைவனைப் போற்றிய நம் சமுதாயம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடுவோரை இகழ்ந்தது. படித்த குடும்பத்துப் பிள்ளைகள் மேடையேறுதல் குலத்துக்கு இழுக்கு எனக் கருதப்பட்ட அந்நாளில், இந்திய நடனத்தின் பெருமையை உலகறியச் செய்தவர்களுள் உதயசங்கர் முதன்மையானவர்.

இவர் 1900ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் உதயப்பூரிலே வங்காளக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் சியாம் சங்கர் ஜாலவார் சமஸ்தானத்திற் பணியாற்றிய கல்விமான். மைந்தரோ ஓவியராக விரும்பினார். பம்பாயிற் கலை பயின்றபின், 1920இல் இலண்டன் சென்று றோயல் கலைக் கல்லூரியிற் சேர்ந்தார்.

அங்கே உருசிய நடனமணி அன்னா பவ்லோவா இவரது திறமையைக் கண்டுகொண்டார். அவருக்காக 'இராதா கிருஷ்ணர்', 'இந்துத் திருமணம்' என்னும் நடனங்களை இவர் அமைத்துக் கொடுத்தார். 1923இல் அவை இலண்டனில் அரங்கேறின. பவ்லோவா இராதையாக ஆட, இவர் கண்ணனாக ஆடினார். மேலைநாட்டு நடனத்தை நாடாது சொந்த நாட்டுக் கலையைத் தேடும்படி இவரைத் தூண்டியவரும் அவ்வம்மையாரே. பின்னர் ருக்மிணி தேவியாரை நம் நாட்டியத்தின்பால் திருப்பியவரும் அவரே. நம் வீட்டு விளக்கின் ஒளியை அயலார் வந்து சொல்லவேண்டியிருந்தது!

1930இல் சுவிஸ் நாட்டுச் சிற்பியான அலிஸ் போனர் அம்மையாருடன் இந்தியாவெங்கும் சுற்றி, கோயிற் சிற்பங்களையும் ஆடல் வகைகளையும் கண்டார். அடுத்த ஆண்டு பாரிஸ் நகரில் இவரது குழுவின் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் இவரைக் கொண்டாடின. பின்னாளிற் சித்தார் மேதையான இளவல் ரவிசங்கர், அக்குழுவிற் சிறுவனாக ஆடியவர்.

இளமையில் எம்மரபையும் முறையாகப் பயிலாதவர் என்று பண்டிதர் சிலர் இவரைக் குறைகூறினர். அது பொய்யன்று. சிலைகளின் நிலைகளை ஓவியக் கண்ணாற் பார்த்து, அவற்றுக்கு அசைவு தந்தவர் இவர். ஆயினும், புகழின் உச்சியில் நின்றபோதே சங்கரன் நம்பூதிரியைக் குருவாகக் கொண்டு கதகளி பயின்றார். 1938இல் இமயச் சாரலிலுள்ள அல்மோராவிற் கலை நிலையம் நிறுவியபோது அவரையே கதகளிக்கு அமர்த்தினார். பரதத்துக்குத் தஞ்சை மரபினரான கந்தப்பாபிள்ளை, மணிப்புரிக்கு அமோபி சிங், இசைக்கு உஸ்தாத் அலாவுதீன் கான் எனப் பேராசான்களை அங்கு ஒன்றுகூட்டினார். புராணக் கதைகளே அன்றித் தொழிலாளர் வாழ்வும் இயந்திரமும் நடனத்துக்குப் பொருளாகலாம் என்றும் ஆடிக் காட்டினார்.

பொருள் முட்டுப்பாட்டால் 1944இல் அந்நிலையம் மூடப்பட்டது. அக்கனவையே 'கல்பனா' என்னும் திரைப்படமாகச் சென்னை ஜெமினி நிலையத்தில் எடுத்தார். துணைவியார் அமலாவும் உடன் ஆடினார். 1948இல் வெளிவந்த அப்படம் பணம் ஈட்டவில்லை. எனினும் அது புதுப்பிக்கப்பெற்று, 2012இல் கான் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டது. 1971இல் பத்மவிபூஷண் விருது பெற்ற உதயசங்கர், 1977 செப்டெம்பர் 26ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார்.

அவர் வாழ்வில் நாம் கற்பன இரண்டு. பிள்ளைகளிடம் கலையார்வம் தோன்றின், அயலார் பாராட்டும்வரை காத்திராது பெரியோர் அதனைப் போற்றுதல் வேண்டும். புதுமை செய்ய விழையும் இளைஞராகிய நாமோ, எத்துணைப் புகழ் வந்துற்றபோதும் ஆசானின் முன் பணிந்தமர்ந்து கற்க நாணுதல் ஆகாது.