மருத்துவரைத் தேர்வதும் அமானிதமே

குடும்பத்திற்கென ஒரு மருத்துவரைத் தேடும்போது நாம் பெரும்பாலும் பார்ப்பது தூரத்தையும் கட்டணத்தையுமே. ஆனால் நம் வரலாறு முதலில் கேட்டது வேறொரு கேள்வி.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் காயமுற்று இரத்தம் உறைந்தபோது, பனூ அன்மார் குலத்தார் இருவர் அழைக்கப்பட்டனர். அவர்களிடம் நபியவர்கள், இருவரில் மருத்துவத்தில் சிறந்தவர் யார் என்று வினவியதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காண்கிறோம். நோய் தந்தவனே மருந்தும் தந்தான் என உணர்த்திய அதே சபையில்தான் இக்கேள்வியும் எழுந்தது. தவக்குல் என்பது விசாரிக்காமல் இருப்பதன்று.

ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) பக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவறால் ஒருவர் உயிரிழந்தார். அதையறிந்த கலீஃபா முக்ததிர், ஸினான் இப்னு ஸாபித் சோதித்து அனுமதிக்காத எவரும் மருத்துவம் பார்க்கலாகாது என ஆணையிட்டார். 860க்கும் மேற்பட்டோர் சோதனைக்கு உட்பட்டனர். ஓர் எளிய மனிதரின் உயிருக்கு அன்று இருந்த மதிப்பு அது!

அக்காலத்துப் பெரும் மருத்துவரான அர்ராஸீ, நம்பிக்கைக்குரிய ஒரே மருத்துவரிடம் நிலைத்திருக்கவும் அறிவுறுத்தினார். பலரிடம் அலைபவர் ஒவ்வொருவரின் பிழைக்கும் ஆளாகக்கூடும் என்பது அவர் கருத்து. இன்று வாப்பாவின் சர்க்கரைக்கு ஒருவர், மூட்டுவலிக்கு மற்றொருவர். ஒருவர் எழுதிய மாத்திரையை மற்றவர் அறியார்.

ஆகவே, தகுதியை விசாரிப்போம். பொறுமையாகக் கேட்பவரை, தம்மால் இயலாதபோது தயங்காமல் வல்லுநரிடம் அனுப்புபவரைத் தேர்வோம். பழைய சீட்டுகள் அனைத்தையும் அவரிடம் காட்டுவோம். ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவன் நம் இல்லங்களுக்கு ஆஃபியத்தை அருள்வானாக, ஆமீன்.