யாழின் உருவமும் கிற்றாரின் படமும்

மட்டக்களப்பில் இன்று மின்கிற்றார் வாங்க நினைப்பவர் அதை முதலில் காண்பது பெரும்பாலும் கைபேசித் திரையில்தான். கொழும்பிலோ கடல் கடந்தோ இருக்கும் ஒருவர் நாலைந்து படங்களைப் போட்டிருப்பார். மரத்தின் வரியோட்டத்தையும் பூச்சின் மினுக்கத்தையும் பார்த்து விலை பேசி முடித்ததும் கருவி பொதியாக வந்து சேரும். மடியில் வைத்து, கம்பியைத் தட்டி, காது கொடுத்துக் கேட்டு வாங்கும் முறை கடைசிக்குப் போய்விட்டது. இது இணையம் கொண்டுவந்த புதுச் சங்கடம் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நரம்புக் கருவி ஒன்றைக் கையால் தொடாமல், காதால் கேளாமல், உருவத்தையும் வருணனையையும் மட்டும் வைத்துக்கொண்டு எடைபோட வேண்டிய நிலை இந்தக் கிழக்குக் கரையில் பிறந்த ஒருவருக்கு முன்பே வாய்த்தது. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், பல நூற்றாண்டுகளாக எவருமே கேட்டிராத யாழை அப்படித்தான் ஆராய்ந்தார். நரம்புக் கருவியின் உருவம் ஒரு சாட்சி மட்டுமே. அளவைக் கொண்டு அதைக் குறுக்கு விசாரணை செய்யாதவரை அதன் வாக்குமூலத்தை ஏற்கக்கூடாது. 1947இல் வெளிவந்த அவருடைய ‘யாழ் நூல்’ இதைக் காட்டிவிட்டது என்பதே என் வாதம். படம் பார்த்துக் கிற்றார் வாங்குபவருக்கும் இது அப்படியே பொருந்தும்.

இந்தப் பகுதிக்கும் நரம்புக் கருவிக்கும் உள்ள உறவு பழையது. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டுகளில், 1638இல், அதை ஒல்லாந்தர் பிடித்தார்கள். கோட்டை கைமாறிய பிறகும் போர்த்துக்கேய வழிப் பறங்கியர் இங்கேயே தங்கிவிட்டார்கள். தங்கள் கிரியோல் மொழியையும், கலியாண வீட்டில் வயலினும் கிற்றாரும் சேர ஆடும் காஃப்ரிஞ்ஞா ஆட்டத்தையும் அவர்கள் இன்றுவரை காத்து வருகிறார்கள். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே 1982இல் இலங்கைப் பறங்கியர் பற்றி எழுதிய ஆய்வுக்குத் தந்த தலைப்பிலேயே ஒல்லாந்தப் பறங்கியரைப் பறங்கியர் என்றும், போர்த்துக்கேய வழியினரை ‘மெக்கானிக்குகள்’ என்றும் பிரித்துக் காட்டினார். தச்சு வேலை, இரும்பு வேலை, தையல் என்று கைத்தொழிலால் வாழ்ந்த சமூகம் அது. வாசிப்பவரும் உளி பிடிப்பவரும் ஒரே தெருவில் வாழ்ந்த ஊரில், கிற்றாரின் கழுத்து வளைந்ததா நேராக நிற்கிறதா என்பதைக் கண்ணும் விரலும் சேர்ந்தே தீர்ப்புச் சொல்லியிருக்கும் என்று கொள்வது பொருந்தும். இன்று படத்தின் முன் தனியாக இருக்கும் வாங்குபவருக்கு இல்லாதது அந்த விரல்தான்.

மட்டக்களப்பு வாவிக்கு இன்னொரு பாடமும் உண்டு. மீன்பாடும் தேனாடு என்று இந்த ஊரைச் சொல்ல வைத்த ஓசையைத் தேடி, குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் 1848இல் இரவில் வள்ளமேறிப் போனார். நீருக்குள்ளிருந்து மெல்லிய நரம்பதிர்வு போல ஓசை எழுந்தது. வள்ளத்தின் பலகையில் காதை வைத்தபோது அது பெருத்துக் கேட்டது. எந்த உயிர் அதை எழுப்புகிறது என்பது மட்டும் கண்ணில் படவில்லை. மீனவர்கள் ஊரி என்னும் சிப்பியைக் கொண்டுவந்து காட்டினார்கள். டெனன்ற் அதை 1859இல் வெளிவந்த தம் நூலில் எழுதி வைத்தார். வாவியில் ஓசை இருக்கிறது, உருவம் அகப்படவில்லை. விபுலாநந்தருக்கு முன் இருந்த யாழிலோ உருவம் இருந்தது, ஓசை இல்லை. வாவியின் இசையை நீரர மகளிரின் பாட்டாக வைத்துக் கவிதை எழுதியவரும் அவரே. இந்த இரண்டு குறைகளும் ஒன்றல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஓசை கிடைத்தால் உருவத்தைத் தேடிப் போகலாம். உருவம் மட்டும் கிடைத்தால் ஓசையைக் கணக்கிட்டுத்தான் பெற வேண்டும்.

அவர் கையில் இருந்த சான்றுகளைப் பாருங்கள். வில்வடிவ நரம்புக் கருவிகள் அமராவதிச் சிற்பங்களில் இருக்கின்றன. சமுத்திரகுப்தன் அத்தகைய கருவியை மடியில் வைத்து மீட்டுவது அவனுடைய பொன் நாணயத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தனித்து நிற்கும் மெல்லிய நரம்பைக் கல்லில் செதுக்க முடியாது. சிற்பி சில கோடுகளை இழுத்துவிட்டு நகர்ந்துவிடுவான். அந்தக் கோடுகளை எண்ணி நரம்புக் கணக்குச் சொல்பவர் ஏமாறுவார். சொல்லில் இருந்த சான்று இதைவிட நுட்பமானது. பொருநராற்றுப்படை யாழை உறுப்பு உறுப்பாகக் காட்டுகிறது. ஒலிக்கூடான பத்தரின் பிளவுக்கு மானின் குளம்புச் சுவட்டையும், துளையை அடைத்த ஆணிக்கு வளை நண்டின் கண்ணையும் அது உவமை சொல்கிறது. நல்ல விற்பனைப் படம் ஒன்று செய்யக்கூடிய எல்லாவற்றையும் அந்தப் பகுதி செய்துவிடுகிறது: நிறம், பளபளப்பு, வளைவு, மூட்டு. அளவு மட்டும் அதில் இல்லை. பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று நரம்புத் தொகையைச் சிலப்பதிகார உரைமரபு தந்தது. எண் கிடைத்த அந்த இடத்திலிருந்துதான் ஆராய்ச்சிக்குக் கால் ஊன்ற நிலம் கிடைத்தது.

விபுலாநந்தர் தமிழ்ப் பண்டிதர் மட்டுமல்லர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். இந்த இரண்டு கல்வியும் சேர்ந்ததால்தான் யாழ் நூல் பிறந்தது. உரையாசிரியர்கள் இணை, கிளை, பகை, நட்பு என்று நரம்புகளுக்குள் உறவு சொல்கிறார்கள். நான்காம் நரம்பு நட்பு, ஐந்தாம் நரம்பு கிளை. வெறும் இலக்கியச் சொல்லாகப் படித்தால் இவை அழகிய பெயர்கள். விஞ்ஞானியின் கண்ணால் படித்தால் நீள விகிதங்கள். முழு நரம்பின் மூன்றில் இரண்டு பங்கை அதிர விட்டால் கிளை பிறக்கும், பாதியை அதிர விட்டால் மேல்தானத்தின் முதல் சுரம் பிறக்கும். இந்த விகிதங்களை அடுக்கிக்கொண்டுபோய் இசை நரம்புகளையும் சுர அடுக்குகளான பாலைகளையும் பண்களையும் அவர் கணக்கிட்டார். நூலின் இயல் வரிசையே இதற்குச் சாட்சி. யாழுறுப்பியல் ஒன்றுதான் உருவத்தைப் பற்றியது. அதைத் தொடரும் இசை நரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல் எல்லாம் ஒலியின் உறவுகளைப் பற்றியவை. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அந்த நூல் 1947 ஜூன் 5, 6ஆம் தேதிகளில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் தேதி அவர் மறைந்தார்.

அவர் கணக்கிட்டுப் பெற்ற யாழ் பழைய யாழேதான் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய பாணர் ஒருவர் எழுந்து வந்து சரி என்று சொல்லப்போவதில்லை. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ ஒரு தானத்துக்கு 24 சுருதி என்று நிறுவ முயன்றது. விபுலாநந்தர் 22 அலகு என்ற கணக்கில் நின்றார். பாலைகளை இன்றைய இராகங்களோடு பொருத்துவதிலும் பின்வந்த அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. என் வாதத்தை இது பலவீனப்படுத்தவில்லை. 24ஆ 22ஆ என்று இரண்டு பேர் வழக்காட முடிகிறதென்றால், மூன்றாமவர் நரம்பை இழுத்துக் கட்டி இரண்டையும் சோதிக்கவும் முடியும். சிற்பத்தைக் காட்டி ‘இது இனிமையாக ஒலித்திருக்கும்’ என்று சொல்பவரோடு எவராலும் வழக்காட முடியாது. எண் பிழைக்கலாம், பிழைத்தால் பிடிபடும். அந்த வசதி உருவத்துக்கு இல்லை.

இனி மின்கிற்றாருக்கு வருவோம். யாழிலும் வீணையிலும் சாதாரணக் கிற்றாரிலும் உடலின் வடிவம் ஒலியோடு கட்டுண்டது. பத்தரின் ஆழமும் பலகையின் தடிப்பும் நாதத்தை மாற்றுவதால், அங்கே உருவம் ஓரளவு உண்மை பேசும். திண்ணுடல் மின்கிற்றாரில் அந்தக் கட்டு அறுந்துவிட்டது. எஃகுக் கம்பியின் அசைவைக் காந்தச் சுருள் மின்னாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. உடல் எந்த வடிவிலும் இருக்கலாம். 1932இல் ரிக்கன்பெக்கர் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மின்கிற்றார் வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. அதைப் பொரிக்கும் தாச்சி என்றே பட்டப்பெயரிட்டு அழைத்தார்கள். 1950களில் ஃபென்டர், கிப்சன் நிறுவனங்கள் திண்ணுடல் கிற்றார்களை நிலைநாட்டியபோது, ஒலியிடமிருந்து விடுதலை பெற்ற வடிவம் கண்ணுக்கு விருந்தாகிவிட்டது. மரத்துக்கும் ஒலியில் பங்குண்டு என்று வாதிடுவோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களும் கொம்பின் வளைவுக்கோ பூச்சின் நிறத்துக்கோ பங்கு கேட்பதில்லை. ஆக, எந்தக் கருவியின் தோற்றம் அதன் ஒலியைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்கிறதோ, அந்தக் கருவிதான் தோற்றத்தைக் காட்டி இவ்வளவு விற்கப்படுகிறது.

சிற்பியின் கற்பனையும் கமராவின் பதிவும் ஒன்றா என்று கேட்பார்கள். ஒன்றல்லதான். ஆனால் கமரா பதிவது கருவியை மட்டுமல்ல, அதன்மேல் விழுந்த வெளிச்சத்தையும் சேர்த்துத்தான். தீநாக்கு வரியோடும் மேப்பிள் பலகையைச் சாய்த்துப் பிடித்தால், இருண்ட பட்டை ஒளிர்ந்து ஒளிர்ந்த பட்டை இருளும். அந்த அழகு கோணத்துக்குக் கோணம் நகர்வது. படம் ஒரே கோணத்தை, பெரும்பாலும் விற்பவருக்குப் பிடித்த கோணத்தை, நிறுத்தி வைக்கிறது. அதே வரியை அச்சிட்ட மெல்லிய தாளாக ஒட்டிய மலிவுப் பலகையும் படத்தில் அப்படியே தெரியும். 1958 முதல் 1960 வரை கிப்சன் செய்த செஞ்சாயக் கிற்றார்களில் சிவப்பு, வெளிச்சம் பட்டுப்பட்டு வெளிறி, சில எலுமிச்சை மஞ்சளாகவே மாறிவிட்டன. எது பிறந்த நிறம், எது வெயில் தந்த நிறம் என்பதைப் படம் சொல்லாது. கைபேசியின் அகல்வில்லை ஓரங்களை வளைப்பதால் நேரான கழுத்து வில்லாகத் தெரியலாம், வளைந்த கழுத்து நிமிர்ந்தும் தெரியலாம்.

படத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. விபுலாநந்தர் சான்றுகளைப் படித்ததைப் போல விகிதத்தோடு படித்தால் அதுவும் பேசும். பெரும்பாலான ஃபென்டர் கிற்றார்களில் அதிரும் கம்பியின் நீளம் 648 மில்லிமீற்றர். பன்னிரண்டாம் மெட்டு அதைச் சரிபாதியாக, 324இல் வெட்டுகிறது. ஏழாம் மெட்டிலிருந்து குதிரை வரை 432.5, முழு நீளத்தின் மூன்றில் இரண்டு பங்கு 432. நம் உரையாசிரியர்கள் கிளை என்ற நரம்பு, அரை மில்லிமீற்றர் வித்தியாசத்தில், அங்கேதான் இருக்கிறது. நேர்முகமாக எடுத்த படம் ஒன்றில் அடிக்கோல் வைத்து இந்த விகிதங்களை எவரும் பார்க்கலாம். சுருதி சேர்ப்பதற்காகக் குதிரை சற்றுப் பின்தள்ளி இருக்கும். அதற்கு மேல் விலகினால் கழுத்தோ குதிரையோ இடம் மாறியிருக்கிறது. முதல் மூன்று மெட்டுகளின் மேல் கம்பிக்கு நேராகத் தெரியும் சிறு பள்ளங்கள் கருவி எவ்வளவு உழைத்தது என்று சொல்லும். நம் ஊருக்கு இன்னொன்றும் உண்டு. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உப்புக்காற்றிலும் மாரி ஈரத்திலும் வாழப்போகும் கருவி இது. குதிரையின் சிறு திருகாணிகளில் துரு பிடித்திருக்கிறதா என்பது முகப்பின் மினுக்கத்தைவிட இங்கே முக்கியம். அந்தத் திருகாணிகளைத்தான் யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

அழகைப் பார்த்து வாங்குவதில் என்ன பிழை என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பிழையே இல்லை. பிடித்த கருவியை மனிதர் அடிக்கடி எடுப்பர், அடிக்கடி எடுப்பவர் நன்றாக வாசிப்பர். பத்துப்பாட்டுப் புலவர்கள் யாழின் அழகில் மனம் பறிகொடுத்தவர்கள்தான். ஆனால் கருவியின் எல்லை தெரிவது வாசிக்கும் நேரத்தில். தருமபுரத்தில் சம்பந்தரின் பதிகம் தம் யாழில் அடங்காதபோது திருநீலகண்ட யாழ்ப்பாணர் அதை உடைக்க ஓங்கினார் என்கிறது பெரிய புராணம். ஆண்டாண்டாகக் கையில் இருந்த யாழ் அது. அதன் எல்லை அன்றைக்குத்தான் வெளிப்பட்டது. தோற்றத்துக்காக வாங்குபவர் தோற்றத்துக்கு உரிய விலையை மட்டும் கொடுக்கட்டும்.

கல்லடியில் விபுலாநந்தரின் பெயரைத் தாங்கி, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் நடக்கிறது. இசை கற்கும் பிள்ளைகளுக்கு நரம்பை அளக்கவும் அங்கே சொல்லிக் கொடுக்க வேண்டும். யாழ் நூலின் கணக்குகளைக் கிற்றாரின் மெட்டுகளோடு வைத்துப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்பவரிடம் கம்பியின் நீளத்தையும், பன்னிரண்டாம் மெட்டில் கம்பி நிற்கும் உயரத்தையும், கருவியின் எடையையும் கேளுங்கள். தலைப்பக்கத்திலிருந்து கழுத்து நெடுகப் பார்த்து எடுத்த படம் ஒன்றையும், எந்த மெருகும் ஏற்றாத ஒலிப்பதிவு ஒன்றையும் கேளுங்கள். தர மறுத்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கிற்றாரை விட்டுவிடுங்கள்.